ஒரு பெண்கள் நீச்சல் சங்கத்தின் வரலாற்றைத் தொகுத்த அனுபவம்

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே மாணவியர் நடத்திவந்த ஒத்திசைவு நீச்சல் சங்கத்தில் சேர்ந்தேன். இசைக்கேற்பக் குழுவாக நீரில் ஆடும் இந்த விளையாட்டின் பெயரைப் பன்னாட்டு நீச்சல் சம்மேளனம் 2017 இல் ‘கலை நீச்சல்’ என்று மாற்றிவிட்டது. ஆனால் குளத்தடியில் எல்லோர் வாயிலும் ‘சின்க்ரோ’தான். 1930களில் தொடங்கிய சங்கம் அது. என் படிப்பு ஆவணக் காப்பகம் தொடர்பானது என்று தெரிந்ததும், சேமிப்பறையில் கிடந்த பழைய பெட்டிகளைப் பிரித்துச் சங்கத்தின் வரலாற்றைச் சிறுநூலாக எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த வேலையில் தெரிந்துகொண்டவை, ஒரு கல்லூரிச் சங்கத்துக்கோ விளையாட்டுக் குழுவுக்கோ வரலாறு எழுத நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுச் சங்கத்தின் பெட்டி என்றால் கோப்பைகளும் போட்டி முடிவுகளும் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே அவை அநேகமாக இல்லை. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் நடந்த நீர்க்காட்சிகளின் நிகழ்ச்சி நிரல்கள், நுழைவுச்சீட்டு விற்ற கணக்கு, துணியும் ஜிகினாவும் வாங்கிய ரசீதுகள், யார் எங்கே மிதக்க வேண்டும் என்று வட்டமும் அம்புக்குறியுமாகப் பென்சிலில் வரைந்த தாள்கள், புகைப்பட ஆல்பங்கள், சில 16 மி.மீ. படச்சுருள்கள் ஆகியவைதான் இருந்தன. போட்டிகளை வைத்து வரலாறு எழுதுவது சுலபம். ஆண்டு, இடம், பதக்கம் என்று அடுக்கிவிடலாம். காட்சிகளை வைத்து எழுத வேண்டுமானால், இவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்த பெண்கள் ஏன் போட்டியிடாமல் காட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு முதலில் விடை தேட வேண்டியிருக்கிறது.

அந்த விடை பெட்டிக்குள் இல்லை. அக்காலத்துப் பெண்கள் உடற்கல்வித் துறைகளின் கொள்கையில் இருந்தது. 1923 இல் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் பெண்கள் பிரிவு உருவானது. இவருடைய கணவர்தான் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர். ஒரு சில வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்து வெற்றிக்காக வருத்துவதைவிட, எல்லாப் பெண்களும் ஏதாவது ஒரு விளையாட்டை விளையாட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் கொள்கை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விளைவாகக் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டிகள் பல இடங்களில் நின்றுபோயின அல்லது தொடங்கவே இல்லை. நீச்சலில் ‘தந்திப் போட்டி’ என்றொரு வழக்கம்கூட இருந்தது: ஒவ்வொரு கல்லூரி மாணவியும் தன் கல்லூரிக் குளத்திலேயே நீந்துவார், கடிகாரம் காட்டிய நேரத்தைத் தந்தியில் அனுப்புவார்கள், எங்கோ ஓரிடத்தில் அவற்றை ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள். எதிராளியின் முகத்தைப் பார்க்காமலே தோற்கவும் வெல்லவும் வேண்டும். இந்த நிலையில், நீர்க்காட்சிக்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை. அது போட்டி அல்ல, அழகானது, பெற்றோரையும் பேராசிரியர்களையும் அழைத்துக் காட்டலாம். கடுமையான பயிற்சியை அழகு என்ற போர்வைக்குள் வைத்துக்கொள்ள முடிந்த ஓர் இடம் அது என்பதே, பெட்டிகளை முழுக்கப் பார்த்து முடித்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு. இந்தச் சங்கங்களை ஒலிம்பிக்குக்குப் போகும் வழியிலிருந்த வெறும் படிக்கட்டுகளாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நீர்க்காட்சியின் வேர்கள் பலவாறாகக் கிளைத்தவை. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை ஆனெட் கெல்லர்மன் 1907 இல் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில் கண்ணாடித் தொட்டிக்குள் ஆடிக் காட்டியது ஒன்று. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் 1914 இல் உயிர்காப்பு நீச்சல் பணியைத் தொடங்கிய வில்பர்ட் லாங்ஃபெலோ, நீரில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று மக்களுக்குச் சொல்ல நீர்க்காட்சிகளைப் பயன்படுத்தியது இன்னொன்று. பல்கலைக்கழகத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கேத்தரின் கர்ட்டிஸ். மில்வாக்கியில் பிறந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே நீரில் உருவங்கள் அமைத்துப் பார்த்தவர்; 1923 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நீர்பாலே சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சிகாகோ உலகக் கண்காட்சியில் 1934 இல் அவருடைய மாணவியர் ‘மாடர்ன் மெர்மெய்ட்ஸ்’ என்ற பெயரில் நீந்தியபோது, அறிவிப்பாளராக இருந்த முன்னாள் ஒலிம்பிக் வீரர் நார்மன் ராஸ் ‘சின்க்ரனைஸ்டு ஸ்விம்மிங்’ என்று அறிவித்தார், பெயர் நிலைத்துவிட்டது. 1936 இல் கர்ட்டிஸ் எழுதிய கையேடு வெளிவந்தபின், நேரில் பார்க்காதவர்களும் படித்துப் பழகிக்கொள்ள வழி பிறந்தது. 1939 இல் சிகாகோவில் இரண்டு கல்லூரிகளுக்கிடையே போட்டி நடந்தது. 1941 இல் அமெச்சூர் தடகள ஒன்றியம் இதைப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1928 இல் ‘ஸ்வான் கிளப்’, ஃபுளோரிடா மாநில மகளிர் கல்லூரியில் 1937 இல் ‘டார்ப்பன் கிளப்’ என்று மீன், பறவைப் பெயர்களில் சங்கங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. எங்கள் சங்கமும் அந்த அலையில் வந்ததே.

சங்க வரலாறு எழுதப் போகிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது கட்டடத்தை என்று நான் சொல்வேன். எங்கள் சங்கம் தொடங்கிய பழைய பெண்கள் உடற்பயிற்சிக் கூடம் இன்னும் நிற்கிறது. குளத்தின் மேல் தளம் போட்டு வகுப்பறைகளாக்கிவிட்டார்கள். குளம் சிறியது, கூரை தாழ்வானது, ஆனால் மூன்று பக்கமும் மாடம் உண்டு. அந்த மாடத்தில் நின்று கீழே பார்த்த பிறகுதான், பென்சில் தாள்களில் இருந்த உருவங்கள் எல்லாம் ஏன் மேலிருந்து பார்க்கத் தக்கவையாக இருக்கின்றன என்பது விளங்கியது. நட்சத்திரம், சக்கரம், விரிந்து சுருங்கும் சங்கிலி என மல்லாந்து மிதந்தபடி ஒருவர் தோளில் அடுத்தவர் பாதத்தைச் சேர்த்து அமைப்பவை அவை. நீந்திக் கடக்கத் தூரம் இல்லாத குளத்தில், பார்வையாளர்கள் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போது, வேறு எதைக் காட்ட முடியும்? புதிய பெரிய குளத்துக்குச் சங்கம் மாறிய பிறகு நிகழ்ச்சித் தாள்களிலும் மாற்றம் தெரிகிறது. பார்வையாளர்கள் பக்கவாட்டில் அமர்ந்ததால், நீருக்கு மேலே எழும் கால்களும் உடலை உயர்த்தும் எழும்புதல்களும் கூடிவிடுகின்றன.

பெண்களுக்குத் தனிக்குளம் ஏன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கழகத்தின் 1926 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தொடங்கி 1962 வரை, உள்ளரங்கக் குளங்களில் ஆண்கள் ஆடையின்றி நீந்துவதே சுகாதாரமானது என்று பரிந்துரைக்கப்பட்டது. கம்பளி நீச்சலுடையின் இழைகள் வடிகட்டியை அடைத்துவிடும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பல பல்கலைக்கழகங்கள் இதை அப்படியே பின்பற்றின. ஆகவே பெரிய குளம் ஆண்களுக்கு. பெண்களுக்குச் சின்னக் குளம், அல்லது மிச்சமிருக்கும் நேரம். எங்கள் சங்கத்தின் பயிற்சி நேரங்கள் பல பத்தாண்டுகளாக இரவு நேரத்திலேயே குறிக்கப்பட்டிருப்பதை வரிசையாகப் பார்த்தபோது, நாங்களும் இரவு ஒன்பது மணிக்குமேல் ஈரத் தலையோடு பனியில் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்ததற்கு எவ்வளவு நீண்ட மரபு இருக்கிறது என்று தோழியர் எல்லோரும் வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம்.

தாள்களுக்கு ஆண்டு கண்டுபிடிப்பதுதான் அதிக நேரம் பிடித்த வேலை. காட்சிக்கு அச்சிடுபவர்கள் அந்த வாரத்துக்காக அச்சிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒருத்தி படிப்பாள் என்று நினைப்பதில்லை. ஒரு நிரலில் ‘வெள்ளி, சனி, மே 12, 13, இரவு 8 மணி’ என்று மட்டும் இருந்தது. கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். சங்கம் இருந்த காலத்தில் மே 12 வெள்ளிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1939, 1944, 1950, 1961 எனச் சில மட்டுமே. பின்னட்டையில் போர்க் கடன் பத்திரம் வாங்கச் சொல்லும் வாசகம் இருந்ததால் 1944 என்று உறுதியானது. இப்படி உள்ளுக்குள்ளேயே ஒரு சான்று கிடைக்காத நிரல்களுக்கு, மாணவர் நாளிதழின் பழைய தொகுதிகளை அந்தந்த மாதத்துக்குப் புரட்டுவதே வழி. இசையை வைத்துக் காலம் கணிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நம்ப மாட்டேன். பாட்டு வெளிவந்த ஆண்டு, காட்சி அதற்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே சொல்லும். ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் எல்லாப் பத்தாண்டிலும் வருகிறது.

ஆனால் இசைத்தட்டு வேறொன்றைச் சொல்லியது. பழைய நிரல்களில் ஒவ்வோர் உருப்படியும் ஏறத்தாழ மூன்று நிமிடமாகவே அமைந்திருக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடுவது அவ்வளவுதான். நீளமான உருப்படி வேண்டுமென்றால், தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியில் நீந்துபவர்கள் ஏதாவது உருவத்தில் அசையாமல் மிதக்க வேண்டும். நிரலில் ‘மிதப்பு’ என்று குறித்திருந்த இடங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை என்றே நினைத்திருந்த எங்கள் பயிற்றுநர், இதைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். ஒலிநாடா வந்த பிறகு உருப்படிகள் நீள்கின்றன, மிதப்புகள் குறைகின்றன.

இசை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தலைகீழாக நீருக்குள் இருப்பவருக்கு, மேலே காற்றில் ஒலிக்கும் பாட்டு சரியாகக் கேட்காது. நீருக்கடி ஒலிபெருக்கி கைக்கு வரும்வரை, ஒருவர் கரையில் உட்கார்ந்து, குளத்தின் இரும்பு ஏணியில் உலோகக் கம்பியால் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்வதால், குளத்தின் எந்த மூலையில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டுவிடும். ஒலிபெருக்கி இருக்கும் இன்றைய பயிற்சியிலும் எங்கள் பயிற்றுநர் ஏணியைத்தான் தட்டினார். எட்டு எட்டாக எண்ணிப் பழகிய காதுக்குப் பாட்டைவிட அந்தத் தட்டல் நம்பகமானது.

உயிரோடு இருப்பவர்களைத் தாள்களுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது ஆவணக்காரர்கள் எல்லோரும் சொல்வது. அதோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்று உண்டு: அவர்களிடம் ‘அந்தக் காலம் எப்படி இருந்தது’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் ‘மிக இனிமையாக இருந்தது’ என்றுதான் சொல்வார்கள். கை என்ன செய்தது, கால் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். 1950களில் நீந்திய ஒரு மூத்தவரை அவர் வீட்டில் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை; அவர் எவ்வளவோ சொல்லியும் கடைசிவரை ‘மேடம்’ என்றே அழைத்தேன். உடலை நீரில் தாங்கி நிறுத்தும் கையசைவான ‘ஸ்கல்லிங்’ அப்போது எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டதும், பேச்சை நிறுத்திவிட்டு, தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கி, மேசைமேல் கைகளை வைத்தார். மேசையில் சிந்திய மாவை இரு உள்ளங்கைகளாலும் வெளிப்பக்கம் வழித்து, மணிக்கட்டை லேசாகச் சாய்த்து மறுபடி உள்ளே தள்ளுவது போல, இடைவிடாமல், தோள் அசையாமல் செய்து காட்டினார். விரல்கள் வாதத்தில் வளைந்திருந்தும் வேகம் சீராக இருந்தது. அந்தக் கையசைவுதான் இந்த விளையாட்டின் அடித்தளம். நீரின் மேல் மல்லாந்து ஒரு காலைச் செங்குத்தாகத் தூக்கும் ‘பாலே லெக்’ உட்பட எல்லா உருவங்களும் அதன்மேல் நிற்கின்றன. கையைக் காட்டத் தொடங்கியதும் அவருக்கு மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது: பயிற்றுநர் குமிழி எழும்பக் கூடாது என்று திட்டியது, பஞ்சு நீச்சலுடை நனைந்து கனத்தது, மாதவிலக்கு நாட்களில் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி போட்டுவிட்டு மாடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தாளம் எண்ணியது. பதிவேட்டில் நான் பார்த்துப் பொருள் புரியாமல் விட்டிருந்த சிறு புள்ளிகள் அவைதான்.

நீந்திப் பார்த்தவர் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஊரில் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவள்; மூச்சுக்கும் ஆழத்துக்கும் பயமில்லை, ஆனால் நுணுக்கம் எதுவும் தெரியாது. முதல் பருவம் முழுவதும் ஸ்கல்லிங்கும் ‘எக்பீட்டர்’ உதையும்தான். இரண்டு கால்களும் முழங்காலிலிருந்து எதிரெதிர்த் திசையில் வட்டம் போட, கைகளைப் பயன்படுத்தாமலே மார்பளவு நீருக்கு மேலே நிற்க வேண்டும். அடியில் கால் படக் கூடாது. இதைச் செய்த பிறகு, பழைய நாளிதழ் ஒன்று இந்தப் பெண்களை ‘சிரமமின்றி மிதக்கும் தேவதைகள்’ என்று எழுதியிருந்ததைப் படித்தால் கோபம்தான் வருகிறது. வயது கூடியபின் இதைப் பழக விரும்புபவர்கள் இந்த இரண்டையும் பழகிய பிறகே உருவங்களுக்குப் போக வேண்டும். மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யவே கூடாது, அதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடவும் கூடாது. நீருக்குள் எச்சரிக்கை ஏதுமின்றி நினைவிழக்க நேரிடும். காட்சி நாளில் தலைமுடி கலையாமலிருக்கச் சுவையூட்டாத ஜெலட்டின் தூளைச் சுடுநீரில் கரைத்துத் தூரிகையால் பூசுவார்கள். விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது என்று தெரிந்து, சைவக் குடும்பத்தில் பிறந்த நான் முகம் சுளித்தேன். அது வழக்கம், பூசித்தான் ஆக வேண்டும் என்றார்கள், பூசிக்கொண்டேன். சுடுநீரில் நெடுநேரம் அலசினால் போய்விடுகிறது.

பெண்கள் சங்கத்தின் வரலாற்றில் மட்டும் வரும் ஒரு சிக்கல் பெயர். மாணவியாக இருந்தபோது தந்தைவழிக் குடும்பப்பெயர். திருமணத்துக்குப் பின் கணவரின் குடும்பப்பெயர். முன்னாள் மாணவியர் பட்டியலிலோ ‘திருமதி’ என்ற சொல்லுக்குப் பின் கணவரின் முழுப்பெயர் மட்டும். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரே தாளில் இல்லாமல் போய்விடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, ஆண்டு மலர்களிலுள்ள குழுப் படங்களின் பெயர் வரிசையை அடிப்படையாக வைத்து, மாணவியாக இருந்த பெயரையே முதன்மைப் பெயராகக் கொண்டு அட்டவணை போட்டு, பிற்காலப் பெயர்களை அதன்கீழ் எழுதிக்கொள்வது. உள்ளூர் நாளிதழின் திருமண அறிவிப்புகளும் இரங்கல் குறிப்புகளும் இரண்டு பெயர்களையும் இணைத்துக் கொடுக்கும். இந்த அட்டவணை இல்லாமல் தேடத் தொடங்கியிருந்தால், ஒரே பெண்ணை மூன்று பேராக எண்ணியிருப்போம்.

குழுப் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது, நெடுங்காலத்துக்கு எல்லா முகங்களும் வெள்ளை முகங்களாகவே இருப்பதும் கண்ணில் பட்டது. இதைச் சிறுநூலில் எழுத வேண்டுமா என்று சங்கத்தில் விவாதம் வந்தது. எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நின்றேன். அமெரிக்காவில் நீச்சல் குளங்கள் நிறப் பாகுபாடு மிகக் கடுமையாக இருந்த இடங்கள். தென் மாநிலங்களில் பல்கலைக்கழகக் கதவே மூடியிருந்தது. நான் மேலே சொன்ன டார்ப்பன் கிளப் இருந்த கல்லூரி 1947 இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகமாகி ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1962 இல். பெண்களுக்கான இடம் என்று நாம் பெருமையோடு எழுதும்போது, எந்தப் பெண்களுக்கு என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை.

போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாட்டால் குளியல் தொப்பிக்கே பஞ்சம் வந்ததை ரசீதுகளும் கடிதங்களும் காட்டுகின்றன. அதன் பிறகு எஸ்தர் வில்லியம்ஸ் நடித்த ஹாலிவுட் நீச்சல் படங்களின் புகழில் சங்கம் செழித்த காலம் வருகிறது. அந்தக் காலத்தைப் பற்றி எல்லோரும் நிறையவே எழுதியிருப்பதால் சிறுநூலில் அதற்குக் குறைந்த பக்கமே ஒதுக்கினேன். எனக்கு முக்கியமாகப்பட்டது 1972. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. பெண்களுக்குப் பந்தய நீச்சல், கூடைப்பந்து, தடகளம் எல்லாவற்றிலும் பல்கலைக்கழக அணிகள் உருவாயின, உதவித்தொகை வந்தது. அதே சமயம், பெண்கள் உடற்கல்வித் துறை ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டது. சங்கத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்திய பேராசிரியை ஓய்வுபெற்றபோது அந்த இடம் நிரப்பப்படவில்லை. வேகமாக நீந்தத் தெரிந்த மாணவியர் பந்தய அணிக்குப் போனார்கள். போட்டி மறுக்கப்பட்ட காலத்தில் வளர்ந்த சங்கம், போட்டி திறந்துவிடப்பட்டதும் மெலிந்தது. இதை வீழ்ச்சி என்று எழுதுவதா, வேலை முடிந்தது என்று எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்து, இரண்டுமே இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதினேன். ஃபுளோரிடாவின் டார்ப்பன் கிளப் 1994 வரை காட்சிகளை நடத்தி முடிவுக்கு வந்தது. ஒஹாயோவின் சங்கம் வேறு வழியில் போயிற்று: பல்கலைக்கழக அணியாக மாறி, பெண்களின் கல்லூரி விளையாட்டுகளை அப்போது நிர்வகித்த அமைப்பு 1977 இல் நடத்திய முதல் தேசியப் போட்டியில் வென்று, அதன்பின் பலமுறை பட்டம் வென்றது. 1984 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தனிநபர், இரட்டையர் பிரிவுகளாக இவ்விளையாட்டு நுழைந்தது. ஆனாலும் இன்றுவரை அமெரிக்காவில் இதைப் பல்கலைக்கழக அணியாக நடத்துபவை மிகச் சிலவே. மற்றவை எங்களைப் போல மாணவியரே பணம் திரட்டி நடத்தும் சங்கங்கள். அணியாக இருப்பதும் நிரந்தரமல்ல: ஸ்டான்ஃபோர்ட் 2020 இல் கைவிடுவதாக அறிவித்த 11 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று, முன்னாள் மாணவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2021 இல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

பொருள்களைக் கையாள்வது பற்றிச் சில வார்த்தைகள். படச்சுருள் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தால், அசிடேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆவலில் அதைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தால் சுருங்கிய சுருள் கிழிந்துபோகும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து வைத்து, எண்மப்படுத்தத் தெரிந்தவர்களிடம் கொடுக்க வேண்டும். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தெடுக்கும் முன், பக்கத்தை முழுதாகப் படம் எடுத்துவிடுவது நல்லது. எந்தப் படத்துக்கு அருகில் எது ஒட்டப்பட்டிருந்தது என்பதும் ஒரு தகவல். ரப்பர் பட்டைகளையும் துருப்பிடித்த கிளிப்புகளையும் முதல் நாளே அகற்றிவிட வேண்டும். நீச்சலுடையில் இருக்கும் இளம்பெண்களின் படங்கள் என்பதால், உயிரோடு இருப்பவர்களிடம் அச்சுக்கு, காப்பகத்துக்கு, இணையத்துக்கு என மூன்று அனுமதிகளையும் தனித்தனியாகக் கேட்டோம். அச்சுக்கு மகிழ்ச்சியோடு சம்மதித்த சிலர் இணையத்துக்கு மறுத்தார்கள். காரணம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

சிறுநூல் முடியும் தறுவாயில் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோதுதான் பெரிய வெற்றிடம் தெரிந்தது. 1944 இன் நிரல் கையில் இருக்கிறது. 2010களில் நடந்த காட்சிகளுக்கு ஒரு தாள்கூட இல்லை. அழைப்பு முகநூலில், அமைப்புப் படங்கள் யாரோ ஒரு மாணவியின் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்த கோப்புறையில், காணொளிகள் கைபேசிகளில். படிப்பு முடிந்ததும் கணக்கு மூடப்பட, கோப்புறையும் அதோடு போய்விட்டது. அந்த ஆண்டுகளை, பட்டம் பெற்றுப் போனவர்களின் வாட்ஸ்அப் பரிமாற்றங்களைக் கெஞ்சி வாங்கித்தான் நிரப்பினேன். இப்போது சங்கத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு பருவ முடிவிலும் உறுப்பினர் பட்டியல், பயிற்சி நேரம், ஒவ்வோர் உருப்படியின் அமைப்புப் படம், பாட்டுகளின் பெயர், வரவு செலவு ஆகியவற்றைச் செயலாளர் தாளில் அச்சிட்டு, மேல் மூலையில் ஆண்டை எழுதி, பல்கலைக்கழகக் காப்பகத்தில் சங்கத்தின் பெயரில் திறந்த பெட்டியில் சேர்த்துவிட்டு ரசீது வாங்கி வர வேண்டும், ரசீதைக் காட்டினால்தான் அடுத்த செயலாளரிடம் சங்கத்தின் வங்கி அட்டை ஒப்படைக்கப்படும்.